ஊர் மைக்கை இறக்கிவிடலாமா?

நல்லவாட்டுப் பெண், கடலூர்

எங்கள் குப்பத்து மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். ஒன்று ஊரைப் பார்த்திருக்கும், மற்றது கடலைப் பார்த்திருக்கும். கடலைப் பார்க்கிற குழாய் உப்புக்காற்றில் துருவேறி இரண்டு வருடமாகத் தொண்டை கட்டிக் கிடக்கிறது. ஆம்ப்ளிபயர் போன மழையில் நனைந்து போய்விட்டது. மைக் செட்காரரை வரவழைத்துக் காட்டினோம். "இதைப் பழுது பார்ப்பதும் செத்த மீனைத் தண்ணீரில் விடுவதும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு, குழாய், கம்பி, பேட்டரி எல்லாவற்றுக்கும் சேர்த்து 32,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. இளைஞர்கள் எழுந்து, "எதற்கு இந்தச் செலவு? ஊர் வாட்ஸ்அப் குழுவில் 412 பேர் இருக்கிறோம். மைக்கை இறக்கிப் பழைய இரும்புக்குப் போடலாம்" என்றார்கள். பெரியவர்களுக்குக் கோபம். பெண்கள் பஞ்சாயத்தில் பேசும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் மகளிர் குழுவின் கணக்கு என்னிடம் இருக்கிறது, அந்த 32,000-இல் பாதியை எங்களிடம்தான் கேட்கப்போகிறார்கள். அதனால் என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதற்குள் உங்களைக் கேட்கிறேன்.

நான் பிறந்தது நல்லவாடு. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். வாழ்க்கைப்பட்டது இங்கே, கடலூர்ப் பக்கம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், அங்கிருந்து ஊர்களுக்குத் தகவல் போகும். வீராம்பட்டினத்தில் பெண்கள் கணினி முன் உட்கார்ந்து, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் அலை எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதை மைக்கில் ஊருக்குச் சொல்வார்கள். அமெரிக்காக்காரன் தன் போர்க்கப்பலுக்காகப் பார்த்து வைத்த அலையை நம் ஊர்ப் பெண் கட்டுமரத்துக்காக வாசித்தாள். எங்கள் நல்லவாட்டுக்கும் அப்படி ஒரு மையமும் மைக்கும் வந்தன. தாய்வீட்டுக்குப் போனால் எனக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்கும். ஆண்கள் முதலில் சிரித்தார்கள். இரண்டு முறை அந்தப் பெண்கள் சொன்னபடி கடல் புரண்டதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் அங்கே செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டில் இருந்தவர்கள், தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள். ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊர்க்காரர்கள் மையத்துக்கு ஓடினார்கள். விடுமுறை நாள், மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்துத்தான் மைக்கை எடுத்தார்கள் என்று என் அம்மா சொல்வார். ஏறக்குறைய 3,600 பேர் இருந்த ஊர். வீடும் படகும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். என் அம்மா ஒரு கையில் ஆட்டையும் மறு கையில் ரேஷன் கார்டையும் பிடித்துக்கொண்டு ஓடினாராம். செருப்பை விட்டுவிட்டதற்காகப் பிறகு ஒரு மாதம் வருத்தப்பட்டார்.

அதே நேரத்தில் இங்கே, என் கணவர் ஊரில், என்ன நடந்தது என்று கேளுங்கள். இங்கேயும் மைக் இருந்தது. இதே கம்பம்தான். மார்கழி மாதம் அல்லவா, விடிவதற்கு முன்பே அம்மன் பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஒன்பது மணி வாக்கில் கடல் வந்தபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கேட்ட வரி எது என்று எனக்கு இன்றும் தெரியும், எழுத மாட்டேன். கடலுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் படகில் ஒன்றுமே தெரியவில்லை. கரையில் இருந்தவர்களைத்தான் கடல் எடுத்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர். எங்கள் ஊரில் போனவர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை.

சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரத்தில் ஆறரை மணிக்கு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் மைக் பாடிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

இனி வாட்ஸ்அப் கதை. போன வருடம் ஓர் இரவு பதினொரு மணிக்குக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. "இன்று இரவு கடல் உள்ளே வரப்போகிறது, எல்லாருக்கும் அனுப்புங்கள்." கூடவே எந்த நாட்டிலோ எப்போதோ எடுத்த வீடியோ. ஐந்தே நிமிடத்தில் ஊர் தார்ச்சாலைக்கு ஓடியது. எங்கள் தெருக்கோடி ஆயா ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அதை அனுப்பிய பையன் கெட்டவன் அல்ல. அவன் தங்கையைத் தூக்கிக்கொண்டு அவனும்தான் ஓடினான். ஆயா விழுந்த சேதி வருவதற்குள் அந்தப் பதிவு குழுவிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது. மைக்கில் சொன்னதை இப்படி அழிக்க முடியாது, யார் குரல் என்று ஊருக்கே தெரியும்.

கருவியில் ஒன்றும் இல்லை, எல்லாம் ஆளுகிறவர் கையில் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்வது? 32,000 ரூபாய் போடலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தொலைபேசிக்காரன், புதுச்சேரி

சகோதரிக்கு வணக்கம். 34 வருடம் தொலைபேசித் துறையில் கம்பமும் கம்பியுமாகக் கிடந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் செய்தி ஒன்று உங்கள் கையில் சேர எத்தனை சங்கதி சரியாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரத்திலிருந்து போகும் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். உங்கள் போனில் சார்ஜ், டேட்டா. எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் அந்த நேரத்தில் போனைப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. மின்கம்பங்கள் குச்சி குச்சியாக விழுந்தன. கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அதன் பிறகு டீசல், டீசல் கொண்டு போகச் சாலை இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. அந்த வாரம் பேசிய கருவி எது என்று கேட்டால், பேட்டரியில் ஓடிய மைக்கும் டிரான்சிஸ்டரும்தான்.

கணக்குக்கு: நீங்கள் வாங்கப்போவது 40 வாட் ஆம்ப்ளிபயர் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 65 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று போட்டால் விடாமல் கத்தினாலும் எட்டு மணி நேரம் தாராளமாக வரும். புயல் நாளில் விடாமல் யாரும் கத்தப்போவதில்லை. பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள், ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்து வையுங்கள். போன மழையில் உங்கள் ஆம்ப்ளிபயர் நனைந்த காரணமும் அதுவாகத்தான் இருக்கும்.

இரவில் மைக் போட்டால் சட்டம் தடுக்கும் என்று யாராவது சொல்லக்கூடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன, உண்மை. ஆனால் பொது அவசரத்துக்கு அதே விதியில் விலக்கு உண்டு.

இப்போது போனுக்காகவும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் வேறு, செல் ஒலிபரப்பு வேறு. 2023-இல் சோதனைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, நினைவிருக்கிறதா? என் மனைவி போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்துவிட்டு எட்டிப் போய் நின்றார். அது உங்கள் எண்ணைத் தேடி வருவதில்லை. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே வீச்சில் போகும், நெரிசலில் சிக்காது. யாரோ ஒரு பையன் அதை அனுப்பவும் முடியாது. உங்கள் போனில் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2004-இல் நம்மிடம் இல்லாத இன்னொன்று இப்போது இருக்கிறது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா பக்கம் 8.6 அளவுக்கு நடுங்கியதே, அன்று எச்சரிக்கை வந்தது, கடற்கரையே காலியானது. பெரிய அலை வரவில்லை. காரணம், அன்று பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தன, தண்ணீரைத் தூக்கிவிடவில்லை. அதைப் பார்த்துவிட்டு "சும்மா ஓட வைத்தார்கள்" என்று புலம்பியவர்களும் உண்டு. ஆகவே ஹைதராபாத்திலிருந்து மாவட்டத் தலைநகர் வரை சேதி வந்துவிடும். அங்கிருந்து உங்கள் தெருக்கோடி ஆயாவின் காதுவரை இருக்கும் தூரத்துக்குத்தான் அந்த 32,000.

போடுங்கள் என்பது என் பதில்.

கட்டுமரத்தான், கடலூர் முதுநகர்

அக்கா, மைக்கைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. "எல்லாம் ஆளுகிறவர் கையில்" என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்களே அதைச் சுலபமான பேச்சு என்று ஒதுக்கிவிட்டீர்கள், ஆனால் ஏன் ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

என் தாத்தாவின் காலத்தில் இங்கே துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுதான் சேதி. 1 முதல் 11 வரை எண். பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. அது கப்பலுக்காக ஏற்றியது, ஆனால் பார்க்கத் தெரிந்த எவனும் பார்க்கலாம். அதை வைத்து யாரையும் கெடுக்க முடியாது. சரி, அது ஒரு வகைக் கருவி.

சுருக்குமடி வலை வேறு வகை. நம் ஆயாக்கள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைப் போலத்தான் அது. மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை இறக்கி, அடிக்கயிற்றை இழுத்தால் பை மூடிக்கொள்ளும். கவலையோ மத்தியோ கானாங்கெளுத்தியோ, பெரிதும் குஞ்சும் சேர்ந்து மொத்தமாக மேலே வரும். வலைக்குப் பல லட்சம், இழுக்க முப்பது நாற்பது ஆள், கூடவே வேகமான படகுகள். கடன் வாங்காமல் எவனும் அதை வாங்க முடியாது. வாங்கிய பிறகு "நான் இதை அளவாகப் பயன்படுத்துகிறேன்" என்று சொல்லவும் முடியாது. வட்டி கட்ட வேண்டும், முப்பது பேருக்குக் கூலி தர வேண்டும். வலையை நீங்கள் ஆளுவதில்லை, வலைதான் உங்களைக் கடலுக்கு ஓட்டும். தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே அதைத் தடை செய்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. இரண்டு பக்கமும் மீனவர்கள்தான், அக்கா. இந்த வலைக்காக நம் கடற்கரையில் ஊரும் ஊரும் மோதிக்கொண்ட கதை உங்களுக்கும் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

ஜி.பி.எஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என் அப்பா கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரு கோட்டில் வைத்து மீன் இருக்கும் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பார். அந்த இடம் அவர் மனதில் இருக்கும், சாகும்வரை வெளியே வராது. இப்போது பெட்டியில் ஓர் எண்ணாக இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் கூட்டிப் போகிறது. மூடுபனியில் கரை திரும்ப என்னை இரண்டு முறை காப்பாற்றியது அந்தப் பெட்டிதான். செயற்கைக்கோள் கடலின் சூட்டையும் பச்சையையும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. அதுவும் நல்லதுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே அன்று மீனைவிடப் படகு அதிகம்.

ஆகவே ஒரு கருவியைப் பார்த்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இதை வாங்கிவிட்டுச் சும்மா வைத்திருக்க முடியுமா? இதைக் கொஞ்சமாகப் பயன்படுத்த முடியுமா? மைக்கைச் சும்மா வைத்திருக்கலாம், ஒன்றும் கேட்காது. வாட்ஸ்அப்பை அப்படி வைத்திருக்க முடிகிறதா என்று உங்கள் வீட்டிலேயே பாருங்கள்.

பெண்ணையாற்றங்கரை ஆசிரியை

என் அனுபவம் உங்கள் இருவருக்கும் குறுக்கே போகும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எனக்குச் செய்தி வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. மூன்று குழுக்களில் வந்தது. நான்தான் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று போனை அமைதியில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். எங்களை எழுப்பியது பால்காரர், கேட்டின் மேல் பால் கேனால் அடித்து. தண்ணீர் அப்போது துளசி மாடத்தின் பாதியில் நின்றது. கேன் நசுங்கிப்போனதற்கு அவர் இன்றுவரை காசு வாங்கவில்லை.

இதுவரை மைக்குக்குச் சாதகம். இனிக் கேளுங்கள். என் அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவர். நீங்கள் 32,000 அல்ல, மூன்று லட்சம் போட்டுக் கம்பம் நட்டாலும் அவருக்கு அது வெறும் கம்பம். சின்ன வயதில் ஊரே எதற்காகவோ ஓடும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஓட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்வார். இப்போது வீடியோ அழைப்பில் கையால் பேசுகிறார். விழுப்புரத்திலும் திருச்சியிலும் அவருக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், இரவெல்லாம் சைகையில் சண்டை போடுகிறார்கள். ஃபெஞ்சல் சமயத்தில் எங்களுக்கு முன்பே விழித்திருந்தவர் அவர்தான், போன் தலையணைக்கு அடியில் அதிர்ந்ததால். பால்காரர் வந்தபோது பின் அறையில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "குழுவில் நீயும் இருக்கிறாயே, பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்" என்று கையால் சொன்னார்.

உங்கள் குப்பத்தில் காது கேளாதவர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

குழு நிர்வாகி

சித்தி, பெயர் போடாவிட்டாலும் 412 என்ற எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் குழுவின் நிர்வாகி நான்தான். ஆயா விழுந்த பிறகு நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்தப் பதிவை அழித்ததும் நான்தான், மறைப்பதற்காக அல்ல, இன்னும் பரவிவிடக்கூடாது என்பதற்காக. அதைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் சொல்கிறேன்.

மைக்கில் பேசினால் யார் குரல் என்று ஊருக்கே தெரியும் என்று எழுதினீர்கள். தெரியும். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது அதே கம்பத்திலிருந்து என் அப்பா பெயரை வாசித்தார்கள். ஊர் வரி பாக்கி, பஞ்சாயத்தை எதிர்த்துப் பேசினார், இன்று முதல் இந்த வீட்டோடு ஒருவரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, மீறினால் அபராதம். மூன்று வேளை வாசித்தார்கள். காலை, மதியம், இரவு. யார் குரல் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் என்ன ஆயிற்று? எங்கள் அம்மா ஏழு மாதம் முதுநகர் வரை போய் மளிகை வாங்கினார். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இடம் மாறி உட்கார்ந்தான்.

குழு தொடங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷம் உங்களுக்குப் புரியாது. அதில் நானும் பேசலாம். மைக் பெட்டியின் சாவி இன்றுவரை மூன்று பெரியவர்கள் வீட்டைத் தாண்டி வந்ததில்லை. பழைய இரும்புக்குப் போடலாம் என்று நான் சொன்னது 32,000 ரூபாய்க்காக மட்டுமல்ல.

நல்லவாட்டுப் பெண், கடலூர்

தம்பி, உன் பதிலை நேற்று இரவு படித்தேன். இன்று மாலைதான் எழுத முடிகிறது.

அன்று அந்த அறிவிப்பை நானும் கேட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசித்த குரல் என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது, உனக்கும் தெரியும். உன் அம்மா அதற்கு முந்தின வாரம்தான் எனக்குக் கால் கிலோ மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுத்திருந்தார். அந்தக் கிண்ணம் ஏழு மாதமும் என் அலமாரியில் இருந்தது. திருப்பிக் கொடுத்தால் அபராதம் என்று என் மாமியார் சொன்னார், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நல்லவாட்டு மைக்கைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள், இந்த ஊர் மைக்கைப் பற்றி எழுதும்போது மார்கழிப் பாட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஞாபகம் வராமல் இல்லை.

ஆசிரியை அம்மா, எண்ணிவிட்டேன். எங்கள் குப்பத்தில் நான்கு பேர். ஒருவர் பிறவியிலேயே, மூன்று பேருக்கு வயதினால். போன் இல்லாதவர்களையும் எண்ணினேன், 61 பேர், பெரும்பாலும் கிழவிகள். ஐம்பது பேர்வரை போன் வைத்திருந்தும் படிக்கத் தெரியாதவர்கள், அவர்களுக்குக் குரல் பதிவுதான் எல்லாம். அந்த வதந்தி குரலாக வந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் பற்றியது என்பது இந்தக் கணக்கெடுப்பில்தான் எனக்குப் புரிந்தது.

கட்டுமரத்தான் தம்பி, சும்மா வைத்திருந்தால் மைக் ஒன்றும் கேட்காது என்கிறாய். கேட்கிறது. சாவி கேட்கிறது. கையில் சாவி இருப்பவன் சும்மா இருக்க மாட்டான். பூட்டாமல் விட்டாலோ கண்டவனும் கத்துவான் என்று பயம். பூட்டி வைத்தால் நல்லவாட்டில் நடந்ததுபோல உயிர் போகிற நேரத்தில் கதவை உடைக்க வேண்டும். அங்கே உடைக்க ஆள் இருந்தார்கள், நேரமும் இருந்தது. இரண்டில் எந்தப் பயத்தை ஏற்பது என்று ஒரு வாரமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசி ஐயா, என் போனில் அந்த வசதி அணைந்துதான் கிடந்தது. என் மகன் சிங்கப்பூரிலிருந்து போனிலேயே வழி சொல்லிப் போட வைத்தான்.

ஓய்வுபெற்ற தொலைபேசிக்காரன், புதுச்சேரி

சாவியைப் பற்றிச் சொன்னது சரி. நான் வாட்டும் வோல்ட்டும் கணக்குப் போட்டேன், அது என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் நிலையத்தில் தீயணைப்புச் சாதனத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சின்னச் சுத்தியலைத் தொங்கவிட்டிருப்போம். சுத்தியல் மூன்று முறை திருட்டுப் போயிற்று, கண்ணாடி ஒருமுறையும் உடையவில்லை. முடிவைத் தெரிவியுங்கள்.

நல்லவாட்டுப் பெண், கடலூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம், மகளிர் குழுவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கடன் வேண்டியிருந்தது.

பஞ்சாயத்தில் பேசினேன். நின்றுகொண்டுதான், உட்காரச் சொல்லவில்லை. மகளிர் குழு 16,000 தரும், மூன்று நிபந்தனை என்றேன். ஒன்று, ஊர்விலக்கு, அபராதம், வரி பாக்கி, ஒருவர் வீட்டு விவகாரம் எதையும் இனி மைக்கில் வாசிக்கக்கூடாது, அதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். இதற்குத்தான் பெரிய சத்தம். என் கொழுந்தனார், அவர்தான் இப்போது பஞ்சாயத்தில் இருக்கிறார், எழுந்து போய்விட்டார். அவர் அண்ணன், அன்று வாசித்தவர், போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு "எழுதுங்கள்" என்றார். இரண்டு, எச்சரிக்கைக்கென்று தனி வாட்ஸ்அப் குழு, அதில் நான்கு நிர்வாகிகள் மட்டும் செய்தி போடலாம், நால்வரில் இருவர் பெண்கள். இங்கே எழுதிய குழு நிர்வாகித் தம்பி நால்வரில் மூன்றாமவன். காது கேளாத நான்கு வீட்டுக்கும் யார் நேரில் போக வேண்டும் என்று பெயர் போட்டுவிட்டோம்.

மூன்றாவது நிபந்தனை பூட்டு. பூட்டே வேண்டாம், கொக்கி போதும் என்றேன். பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றார்கள். விளையாடட்டும், எந்தக் கொக்கி எந்தப் பொத்தான் என்று பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்கும் என்றேன். இதை ஒருவரும் விரும்பவில்லை. கடைசியில் ஆறு மாதம் பார்ப்போம் என்று விட்டிருக்கிறார்கள்.

பேட்டரியை ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்து வைத்தாயிற்று. பெட்டி மட்டும் கைக்கெட்டும் உயரத்தில். மிளகாய்த்தூள் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், நிரப்பித்தான். தம்பியின் அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, "இது என் கிண்ணம் இல்லையே" என்றார். அவர் கிண்ணம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

போன வியாழக்கிழமை மதியம் ஊர் அமைதியாக இருந்தது. திடீரென்று இரண்டு குழாயும் கரகரவென்று கனைத்துவிட்டு, "அம்மா, பசிக்கிறது, எங்கே இருக்கிறாய்" என்று அலறின. இரண்டாம் வகுப்புப் பையன், ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறான். கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். கடலைப் பார்க்கிற குழாய் அங்கே வரைக்கும் நன்றாகக் கேட்கிறது.